பஞ்சர் ஒட்டுவது இழிவோ?

வசைமொழிக்கு இந்த நாட்டிலே என்றும் பஞ்சம் இருந்ததில்லை. மாற்றானைத் திட்ட வேண்டுமா? புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. உழைப்பாளி ஒருவனின் தொழிலைச் சொன்னால் போதும். செருப்புத் தைப்பவன் பெயர் வசை. முடி திருத்துபவன் பெயர் வசை. துணி வெளுப்பவன் பெயர் வசை. பிணம் சுடுபவன் பெயரும் வசை. உழைக்காமல் உண்டவன் பெயர் மட்டும் பட்டமாயிற்று, பாராட்டாயிற்று! நூற்றாண்டுகளாக நீண்டுவரும் இந்தப் பட்டியலிலே, நம் காலத்தில் ஒரு பெயர் புதிதாக ஏறியிருக்கிறது: பஞ்சர் ஒட்டுபவன்.

2019 டிசம்பர் 22-ஆம் நாள், பெங்களூரு நகரிலே, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை ஆதரித்து ஒரு கூட்டம். பெங்களூரு தெற்குத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா பேசினார். சட்டம் பயின்றவர், வழக்குரைஞர். அந்தச் சட்டத்தை எதிர்ப்போர் யார் என்பதற்கு அவர் தந்த விளக்கம், எழுத்தறியாதவர்கள், பஞ்சர் ஒட்டுகிறவர்கள் என்பதாக இருந்தது. எதிர்ப்பவர் வாதம் சரியா, தவறா என்ற ஆராய்ச்சியே அங்கு எழவில்லை. பஞ்சர் ஒட்டுபவனுக்குக் குடியுரிமையைப் பற்றிக் கருத்தா என்று கேட்டுவிட்டால் கூட்டம் கைதட்டும், தட்டிற்று.

2025 ஏப்ரல் 14. அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாள். அரியானாவின் ஹிசார் நகரிலே பேசிய பிரதமர் நரேந்திர மோடி, வக்ஃப் சொத்துகள் நேர்மையாகப் பயன்பட்டிருந்தால் இசுலாமிய இளைஞர்கள் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக் காலங்கழிக்க நேர்ந்திராது என்றார். முன்னதைப் போலன்றி இது இரக்கத்தின் குரலாகக் காதில் விழும். ஆனால் இரக்கப்படுவதற்கென்று எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் காணுங்கள். நாட்டிலே எத்தனையோ இளைஞர்கள், எத்தனையோ சமயத்தவர், கொளுத்தும் வெயிலில் எத்தனையோ வேலை செய்கிறார்கள். அவர்களுள் ஒரு சமயத்தவரைச் சுட்ட ஒரு தொழில். அந்தத் தொழிலைச் சுட்ட ஒரு பரிதாபம்! வசை பாடியவர் கீழே தள்ளினார். இரங்கியவர் கீழே கிடக்கிறாயே என்றார். இருவரும் ஒப்புக்கொண்ட செய்தி ஒன்றுதான்: அந்த இடம் கீழிடம்.

வக்ஃப் சட்டத்தை ஆராய நாம் இங்கே புகவில்லை. அதற்கு வேறு நாள், வேறு பக்கம். நாம் கேட்க விரும்புவது எளிய கேள்வி. பஞ்சர் ஒட்டுவது உண்மையிலேயே இழிந்த வேலையா? இழிவு என்று சொல்பவர், அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு நாளேனும் நின்று பார்த்ததுண்டா?

தோழர்களே, நாம் பார்த்த இடம் சென்னையின் மேற்கெல்லை. பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூருக்கு ஓடும் நெடுஞ்சாலை. 1964-ல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஒருபுறம். 1961-ல் எழுந்த ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை இன்னொருபுறம். ஷிப்ட் மாறும் வேளையிலே இந்தச் சாலையிலே இருசக்கர வண்டிகள் ஆறாக ஓடும். கடைசல் பட்டறைகளின் இரும்புச் சுருள், லாரியிலிருந்து உதிர்ந்த ஆணி, உடைந்த போல்ட், மழை அரித்த பள்ளம் ஆகிய அனைத்தும் அந்த ஆற்றின் அடியிலே காத்துக் கிடக்கும். சாலையோரத்திலே ஒரு வேப்பமரம். மரத்தில் தொங்கும் பழைய டயர். அதன்கீழ் ஒரு காற்றடிக்கும் கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பலகை. கடை அவ்வளவுதான். 1955 சனவரியிலே சமதர்மப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரசு மாநாடு தீர்மானம் போட்டது இதே ஆவடியிலேதான். அந்தச் சமுதாயம் இந்தக் கடைக்கு இன்னும் கூரை போட்டுத் தரவில்லை!

வண்டி வந்து நிற்கிறது. வண்டிக்காரர் சொல்வது, "பஞ்சர்!" கடைக்காரர் உடனே ஒப்புக்கொள்வதில்லை. குனிந்து, வால்வின் வாயிலே எச்சில் தொட்டு வைக்கிறார். குமிழி வருகிறதா என்று பார்க்கிறார். காற்றுப் போனது துளையாலா, வால்வாலா என்பதல்லவோ முதற்கேள்வி? வால்வு குற்றமற்றது என்று தெளிந்தபின்னரே நெம்புகோல் இரண்டும் கைக்கு வருகின்றன. டயரின் விளிம்பை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, காற்றேற்றி, தொட்டி நீரிலே சாண் சாணாக அமுக்கித் திருப்புகிறார். ஓரிடத்திலே முத்துக் கோத்தாற்போல் குமிழி எழுகிறது. அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறார்.

இனி நடப்பதுதான் நம் நெஞ்சைக் கவர்ந்தது. துளை கிடைத்ததும் ஒட்டிவிடுவதில்லை அவர். டியூபின் வால்வையும் சக்கரத்தின் வால்வுத் துளையையும் நேராக வைத்து, டியூபிலே துளை இருக்கும் இடத்துக்கு எதிரே டயரில் எந்த இடம் வருகிறது என்று அளக்கிறார்; அங்கே உள்பக்கம் விரலை மெல்ல ஓட்டி ஆணியைத் தேடுகிறார். ஆணியை எடுக்காமல் ஒட்டினால் அரை மைலில் மறுபடி துளை. துளையின் தோற்றமும் அவரிடம் பேசுகிறது. வெளிப்புறத்திலே ஒற்றைத் துளையானால் முள்ளோ ஆணியோ. உட்புறத்திலே, ரிம்மை ஒட்டிய பக்கத்தில் துளையானால் ஆணியைத் தேட மாட்டார். ஸ்போக்ஸ் கம்பியின் முனையோ, அதை மூடும் ரிம் நாடாவின் கிழிசலோ காரணம். பாம்பு கடித்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை என்றால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தபோது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. அப்போது அவர் வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்பார்: "காத்து பிடிச்சு எத்தனை நாளாச்சு?"

விளைவின் வடிவத்தைக் கண்டு காரணத்தைச் சொல்லுதல்! இதைத்தானே நாம் கல்லூரியிலே தருக்கம் என்ற பெயரில், தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, மூன்றாண்டு படித்தோம்? அங்கே தேர்வுத்தாளில் பிழை செய்தால் மதிப்பெண் குறையும்; இங்கே பிழை செய்தால் பின்னிருக்கையில் குழந்தையோடு போகிறவள் லாரிக்கு முன்னே சாய்வாள்.

பிறகு உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்குகிறார். ரப்பர் சொல்யூசனைப் பூசிக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புதான் வண்டிக்காரருக்குப் பொறுக்காது. "சீக்கிரம் ஒட்டுப்பா!" என்பார். ஈரம் உலராமல் ஒட்டினால் ஒட்டு நிற்காது. அது அவர் அவசரத்துக்கு வளையாத உண்மை. உலர்ந்தபின் ஒட்டி, அழுத்தி, தட்டி, மறுபடியும் காற்றேற்றி, மறுபடியும் தொட்டியிலே அமுக்குகிறார். குமிழி இல்லை. தம் வேலையைத் தாமே ஐயுற்று, தாமே சோதித்து, பிறகே டயருக்குள் வைக்கிறார். தம் கூற்றைச் சோதனைத் தொட்டியிலே அமுக்கிப் பார்க்க இசைகிற சாமியார் ஒருவரையேனும் இந்நாட்டிலே காட்ட முடியுமா? டியூப் இல்லாத டயர் வந்தபின் வேலை சற்று மாறியிருக்கிறது. ஊசியால் ரப்பர்த் திரியைத் துளைக்குள் செருகுகிறார்கள். ஆயினும் சோப்பு நீர் ஊற்றிக் குமிழி பார்க்காமல் விடுவதில்லை.

இதே சாலையிலே ஆயுத பூசை நாளிலே நடப்பதையும் காண்கிறோம். அதே வண்டிக்காரர், சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். நடுச்சாலையிலே பூசணிக்காயை உடைக்கிறார். அந்தப் பூசணிக்காயில் சக்கரம் வழுக்கி இன்னொருவர் விழுகிறார். திருஷ்டி கழிந்ததாம்! கருவிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. கருவியைப் பிடித்த கைக்கு என்ன? பண்டிகை மறுநாள் பழைய ஒருமைதான். நாற்பது வயதைக் கடந்தவரைப் பார்த்து, மீசை அரும்பாத பையன் "ஏம்ப்பா, இங்க வா" என்கிறான்.

அம்பத்தூரிலே டன்லப் என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. 1959-ல் அங்கே எழுந்த டயர்த் தொழிற்சாலையின் பெயர் அது. தொழிற்சாலை ஓய்ந்துவிட்டது, பெயர் இன்னும் நிறுத்தத்தில் நிற்கிறது. அந்தப் பெயருக்குரிய ஜான் பாய்டு டன்லப் யார்? அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலே கால்நடை மருத்துவர். கல் பாவிய தெருவிலே மூன்று சக்கர வண்டி ஓட்டிய தம் மகன் குலுங்காமல் போகவேண்டும் என்று, 1888-ல், ரப்பர்க் குழாயை ஒட்டிக் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. அதற்கும் முன்னே, 1839-ல், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்று கண்டறிந்த சார்லஸ் குட்இயர், கடனுக்காகச் சிறை சென்றவர். கடனோடே 1860-ல் மாண்டவர். இவர்கள் எவரும் கையிலே பிசின் படாத கனவான்கள் அல்லர். ரப்பரை ஒட்டிய டன்லப் வரலாற்றிலே இடம்பெற்றார். அதே ரப்பரை அவர் பெயர் தாங்கிய நிறுத்தத்துக்கு அருகிலே ஒட்டுபவர் வசைச்சொல்லானார்! என்ன நியாயம் இது?

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கவேண்டும். மனுவுக்கு ரப்பர் தெரியாது. எந்தச் சாத்திரத்திலும் பஞ்சர் ஒட்டுவதற்கென்று ஒரு குலம் விதிக்கப்படவில்லை. இது புதுத்தொழில், பிறப்பின் சீட்டு கேட்காத தொழில். கேரளத்திலிருந்து வந்தவர் செய்கிறார், வந்தவாசிக்காரர் செய்கிறார், இசுலாமியர் செய்கிறார், இந்து என்று எழுதப்பட்டவர் செய்கிறார், கிறித்தவர் செய்கிறார். சாதியற்ற ஒரு தொழில் பிறந்தது கண்டு இந்தச் சமுதாயம் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, அதற்கும் ஒரு படி ஒதுக்கி, அந்தப் படியிலே ஒரு சமயத்தாரை உட்காரவைத்து, புதுச்சாதி ஒன்றையே படைக்கப் பார்க்கிறது. 1936-ல் எழுதிய சாதி ஒழிப்பு நூலிலே அம்பேத்கர் காட்டியது இதுதான்: சாதி என்பது வேலைகளைப் பங்கிடும் ஏற்பாடு மட்டுமன்று, வேலை செய்யும் மக்களையே மேல்கீழாக அடுக்கும் ஏற்பாடு. அவர் பிறந்தநாள் மேடையிலேயே அதற்கு எடுத்துக்காட்டு கிடைத்தது வியப்புத்தான்.

வடக்கைச் சுட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நாம் பணியாற்றும் பள்ளி ஆவடிப் பக்கத்திலே இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் விவரப் படிவம் நிரப்பும் நாளில், தந்தையின் தொழில் என்ற கட்டத்திலே எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் "பிசினஸ்" என்று எழுதினான். அவன் தந்தை சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் என்பது நமக்குத் தெரியும்; நம் வண்டிக்கும் ஒட்டிக் கொடுத்தவர். பக்கத்து மாணவன் பார்த்துவிடாதபடி இடக்கையால் கட்டத்தை மறைத்துக்கொண்டு எழுதினான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அந்த வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தது பெங்களூருக் கூட்டமா, ஹிசார்ப் பேச்சா? இரண்டும் அல்ல. ஒழுங்காகப் படிக்காவிட்டால் பஞ்சர் கடைக்குத்தான் போவாய் என்று வகுப்பறையிலே ஆசிரியர் சொல்வதை இத்தமிழ்நாட்டிலே கேட்காத மாணவன் உண்டா? சுயமரியாதையைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, அடுத்த மணியிலே அதே வாயால் இதைச் சொல்வோர் எத்தனை பேர்!

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "1953-ல் இராசாசி அரசு கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்தவர்கள் அல்லவா நீங்கள்? பாதிநாள் பள்ளி, மீதிநாள் அப்பன் தொழில் என்றபோது கொதித்தெழுந்தீர்கள். 1954-ல் காமராசர் முதல்வரான பின் அது கைவிடப்பட்டபோது களித்தீர்கள். இன்று கைத்தொழில் உயர்ந்தது என்கிறீர்களே, இது முரண் இல்லையா?" என்பார்.

கேள்வி கூர்மையானது, மழுப்பக்கூடாது. குலக்கல்வியை எதிர்த்தவர்கள் குயவரின் சக்கரத்தை எதிர்க்கவில்லை. அந்தச் சக்கரத்தோடு குயவர் மகனைப் பிணைக்கும் சங்கிலியை எதிர்த்தார்கள். தொழில் மதிக்கத்தக்கது என்பது ஒன்று. ஆகவே உன் மகனும் அதையே செய்யட்டும் என்பது முற்றிலும் வேறு. இரண்டாவதைச் சொல்வோர் முதலாவதைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு வருவார்கள்; அன்றும் வந்தார்கள், அண்மையிலும் வந்தார்கள். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் பட்டியலிலே 18 தொழில்கள்: தச்சு, கொல்லு, குயவு, முடிதிருத்தல், சலவை என்று. குடும்பவழித் தொழிலாக இருக்கவேண்டும் என்னும் கட்டு வேண்டாம் என்று கேட்ட தமிழ்நாடு அரசு, 2024 நவம்பரிலே, இப்போதுள்ள வடிவிலே அதை நிறைவேற்றுவதற்கில்லை என்று தெரிவித்தது. அந்தப் பதினெட்டிலே பஞ்சர் ஒட்டுதல் இல்லை; பாட்டன் வழி வராத தொழில் அல்லவா!

தலைகீழான தவறும் உண்டு. உழைப்பு உயர்வு, உழைப்பு தெய்வம் என்று பாடி, உழைப்பவனை அந்த வெயிலிலேயே விட்டுவிட்டுப் போகிற கவிஞர்களின் கூட்டத்திலே சேர நமக்கு விருப்பமில்லை. பெரியார் "இனிவரும் உலகம்" என்று கனவு கண்டபோது, பாரமும் அழுக்கும் நிறைந்த வேலையை எந்திரம் ஏற்றுக்கொள்ளும் நாளை அல்லவா முன்கூட்டிக் கண்டார்? கம்ப்ரசர் வந்தபின் கைப்பம்பு போயிற்று, நல்லது. நாளை காற்றே தேவைப்படாத சக்கரம் வந்து இந்தத் தொழிலே மறைந்துபோகுமானால், அதற்காகக் கண்ணீர் விடமாட்டோம். அந்தப் பையன் பொறியாளனாகவோ மருத்துவனாகவோ ஆகட்டும், ஆகவேண்டும். நாம் கேட்பது, தந்தையை மறைத்துக்கொண்டு அவன் ஆகவேண்டிய கட்டாயம் ஏன் என்பதே. கீழிடத்திலிருந்து தப்பி ஓடுவதாக அது அமையுமானால், ஓடிச் சேர்ந்த இடத்திலிருந்து அவனும் நாளை இன்னொருவனைப் பார்த்து "பஞ்சர்க்காரன்" என்பான்.

கூலியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனெனில் மதிப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அங்கே வாயை மூடிக்கொள்வார்கள். வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை பட்டாபிராம் பக்கம் கடக்கும் இடத்திலே, இரவுப் பத்து மணிக்கு, பணி முடிந்து திரும்பும் பெண்ணின் ஸ்கூட்டரில் காற்றுப் போய்விட்டது என்று வையுங்கள். விளக்குத் தொலைவில், பேருந்து இல்லை. தூங்கப்போன கடைக்காரர் எழுந்து வந்து ஒட்டுகிறார். அவள் கையறு நிலையிலே இருக்கிறாள். எவ்வளவு கேட்டாலும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். பகலில் கேட்பதைக் காட்டிலும் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டால், மறுநாள் அலுவலகத்தில் அது "பகற்கொள்ளை" ஆகிவிடும், இரவிலே நடந்தது என்றாலும்! ஆனால் மழை பெய்தால் வாடகைக் காரின் செயலி இருமடங்கு கேட்கிறது. தீபாவளிக்கு ஆம்னிப் பேருந்து மும்மடங்கு கேட்கிறது. விமானம் மணிக்கொரு விலை சொல்கிறது. அவை சந்தை நியதியாம். நியதி கோட்டு அணிந்து வந்தால் வணங்குவோம், லுங்கி கட்டி வந்தால் திட்டுவோம் போலும்.

ஏமாற்றுவோரே இல்லையா? உண்டு. ஒரு துளைக்கு மூன்று துளை கணக்குச் சொல்பவர் உண்டு. பெங்களூருப் பெருஞ்சாலைகளிலே ஆணியைத் தூவி வாடிக்கை சேர்ப்பதாகப் புகார் எழுந்ததை ஏடுகளில் படித்தோம். அப்படிச் செய்பவனைச் சட்டம் பிடிக்கட்டும். நாம் வக்காலத்து வாங்கவில்லை. வங்கியை ஏமாற்றி நாட்டைவிட்டே பறந்தவர்களைக் கண்டபின் எல்லாத் தொழிலதிபரும் திருடர் என்று எவரும் எழுதவில்லை. ஒரு பஞ்சர்க் கடைக்காரர் தவறினால் மட்டும் தொழிலே கறைபட்டுவிடுகிறது. தனிமனிதனின் குற்றத்தைக் கூட்டத்தின் குணமாக்குவது சாதியின் கணக்கு. அதைப் பகுத்தறிவுக்காரனும் போடலாமா? இரவிலே எழுந்து வந்து, பகல் கூலியே வாங்கிக்கொண்டு, "பாத்துப் போம்மா" என்று அனுப்பிவைப்போரே நாம் கண்டவரையில் மிகுதி. அந்தச் செய்தி ஏடுகளில் வருவதில்லை.

வரும் வாரம் எட்டாம் வகுப்பிலே காற்றழுத்தம் பற்றிய பாடம். காற்று எல்லாத் திசையிலும் அழுத்தும், அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும் என்று கரும்பலகையில் எழுதுவதைவிட, தொட்டியும் டியூபும் வைத்துக் காட்டினால் என்ன என்று தோன்றிற்று. அந்த மாணவனின் தந்தையை வகுப்புக்கு அழைக்க எண்ணினோம். ஆனால் அவனைக் கேட்காமல் அழைப்பது அவன் இடக்கையை வலிந்து விலக்குவதாகும். ஆகவே முதலில் அவனிடம் கேட்டோம். இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாலை வந்து, "அந்தத் தொட்டி கனம் சார். அப்பாவால வண்டில வச்சு எடுத்துட்டு வர முடியாது. நானும் கூடப் போய் எடுத்துட்டு வரேன்" என்றான்.

தந்தையோ, "நான் வந்து புள்ளைங்களுக்கு என்ன சார் சொல்லப் போறேன்?" என்று சிரித்தார். கடையை மூடிவிட்டு வரும் இரண்டு மணி நேரத்துக்கு, சிறப்புரையாற்ற வருவோருக்குப் பள்ளி கொடுக்கும் அதே தொகையை அவருக்கும் கொடுக்கவேண்டும் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். புதன்கிழமை பதினொரு மணி என்று முடிவாகியிருக்கிறது. பிற்பகல் ஷிப்டுக்குப் போகும் வண்டிகள் வரத் தொடங்கும் முன், ஒரு மணிக்குள், தம்மை அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.